கல்கத்தா மைதானமும் கறுப்பு வெள்ளைச் சட்டையும்

‘மைதான்’ என்னும் சொல்லை அரபு அகராதி ஆசிரியர்கள் மீம், யா, தால் என்னும் மூன்றெழுத்து மூலத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். அசைதல், ஆடுதல், ஒருபுறம் சாய்ந்து மீளுதல் என்பன அம்மூலத்தின் பொருள்கள். குதிரைகள் ஓடித் திரும்பும் வெளியாதலால் அப்பெயர் பெற்றது போலும் என்று மத்ரஸாவில் ஓதிய நாளில் எண்ணிக்கொண்டேன். தமிழில் நாம் அதற்கு ஓர் ‘அம்’ சேர்த்து மைதானம் ஆக்கிக்கொண்டோம். சொல்லின் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியதோ, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரத்தில், மழையில் நனைந்த ஒரு மரப்பலகைப் படிக்கட்டின் மேல் நின்றபோதுதான். இருபதாயிரம் பேர் ஒரு பந்தின் பின்னே இடமும் வலமும் சாய்ந்து மீண்டார்கள். என் காலடிப் பலகையும் அவர்களோடு சேர்ந்து சாய்ந்து மீண்டது.

அது 1990-ஆம் ஆண்டு மழைக்காலம். மவ்லவி ஸனது பெற்ற கையோடு, அரபுக் கையெழுத்துப் படிகளைப் பார்வையிடும் ஆவலில் பார்க் தெருவிலுள்ள ஆசியக் கழகத்தின் நூலகத்தை நாடிச் சென்றிருந்தேன். தங்குவதற்கு என் தாய்மாமன் இருந்தார். வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் ஊர்களில் பிறந்தவர்களுக்குக் கல்கத்தா அந்நிய ஊரன்று; தோல் எங்கெங்கு விலை போகிறதோ அங்கெல்லாம் நம்மவர் ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். மாமா 1962-இல் பதினேழு வயதில் அங்கே சென்று ஒரு தோல் மண்டியில் கணக்கராக அமர்ந்தவர். வங்காளியும் உருதும் தமிழைப்போலப் பேசுவார். கணக்குப் பேரேட்டுக்கு அடுத்தபடி அவர் பேணி வைத்திருந்தது ஒரு பழைய தகரப் பெட்டி. அதில் முஹம்மடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் ஆட்ட நுழைவுச் சீட்டுகளின் கிழிந்த பாதிகள் ஆண்டுவாரியாக நூலால் கட்டப்பட்டிருந்தன. 1980-ஆம் ஆண்டின் கட்டு மிகவும் மெலிந்தது. அதற்குப் பிறகு கட்டே இல்லை. அந்தக் காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

கல்கத்தா மைதானத்தைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள். வில்லியம் கோட்டையைக் கட்டிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு தடையின்றிச் செல்ல வேண்டுமென்று கோட்டையைச் சுற்றிலும் காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். அந்த வெளி இன்றும் ராணுவத்தின் உடைமை. ஆதலால் அங்கே நிலையான கட்டடம் எழுப்ப எவருக்கும் எளிதில் இசைவு கிடைப்பதில்லை. நூறாண்டு கடந்த கழகங்களுக்குக்கூட அங்கே இருப்பது ‘டென்ட்’ என்றே பெயர் பெற்ற ஒரு தாழ்ந்த கட்டடமும், ஒரு புல்தரையும், சுற்றிலும் வேலியும், மரப்பலகைக் காலரிகளுமே. கோட்டையை ஒட்டிய மேட்டுச் சரிவில் நின்று காசு கொடுக்காமல் ஆட்டம் பார்த்த ஏழைகளின் கூட்டம் ஒன்று உண்டு. அவ்விடத்திற்கு ‘ராம்பார்ட்’ என்றே பெயர். அட்டைக் குழாயின் இரு முனையிலும் கண்ணாடித் துண்டு பொருத்திய ஒரு கருவியை விற்பார்களாம். முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக அதை உயர்த்திப் பிடித்தால் பந்து தெரியும். குதிரைப் போலீசார் வருவார்கள். ஈரக் குதிரையின் வாடையும், ஜால்முடி விற்பவனின் கடுகெண்ணெய் மணமும், மிதிபட்ட புல்லின் மணமும் கலந்த ஒன்றை இன்றும் என் மூக்கு மறக்கவில்லை.

அதே மைதானத்தின் குறுக்கே செல்லும் ரெட் ரோடில்தான் ஈத் பெருநாள் தொழுகைக்கு நகரத்து முஸ்லிம்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். ஆட்டம் முடிந்து தர்மதலாவுக்கு நடந்தால் முனையில் திப்பு சுல்தான் பள்ளிவாசல். அதை 1842-இல் எழுப்பியவர் திப்புவின் இளைய மகன் குலாம் முஹம்மது. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, அங்கே வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தாரை ஆங்கிலேயர் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றதை வாசகர் அறிவர். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளையாகிய நான் அந்தப் பள்ளியில் மஃரிப் தொழும்போதெல்லாம், சேறு படிந்த கால்களோடு ஒளூச் செய்ய முண்டியடிக்கும் ஆட்டப் பிரியர்களுக்கு நடுவே, ஊரில் இருப்பது போன்ற ஓர் உணர்வை அடைந்தேன்.

மாமா என்னோடு மைதானம் வரை வருவார், உள்ளே வரமாட்டார். வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் குடையோடு அமர்ந்துகொள்வார். மண்டியில் வேலை பார்த்த ஒரு பீகார் வாலிபன்தான் என்னை உள்ளே அழைத்துச் சென்றான். என் தொப்பியையும் ஜுப்பாவையும் கண்டு காலரியில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஆட்டம் கோலின்றி இழுபட்டபோது பின்வரிசைக் கிழவர் ஒருவர் என் தோளைத் தட்டி, “மவ்லானா, ஒரு துஆ!” என்றார். அக்கணமே எதிரணி கோல் போட்டது. அதன்பிறகு என்னை யாரும் துஆ கேட்கவில்லை. வெளியே வந்ததும் மாமா கோல்களின் எண்ணிக்கையை என்னிடம் கேட்டதில்லை. கூச்சலின் தன்மையைக் கொண்டே யார் போட்டார்கள் என்று அவர் கணித்திருப்பார். “முதல் கோல் நம்முடையது, பெனால்டி, சரிதானே தம்பி?” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பழங்கதைகளை எனக்குக் கூறியவர்கள் இருவர். ஒருவர் மாமா. மற்றவர் மண்டிக்கு வந்துபோகும் கித்தர்பூர் முதியவர். முப்பதுகளில் சிறுவனாகத் தந்தையின் தோள்மேல் இருந்து ஆட்டம் பார்த்தவர். அவர்கள் கூறியவற்றையும், பின்னர் நான் நூல்களில் கண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1911-ஆம் ஆண்டு ஜூலை 29. மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்றது. ஆங்கிலப் படையாட்கள் காலணியோடும், வங்காளியர் ஒருவர் நீங்கலாக வெறுங்காலோடும் ஆடினார்கள். கூட்டம் பல பதினாயிரம். பந்தைக் கண்டவர் சிலரே. தொலைவில் இருப்பவர்கள் அறியும்பொருட்டுக் கோல் எண்ணிக்கையைப் பட்டத்தில் எழுதி வானத்தில் பறக்க விட்டார்கள். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அவ்வளவாக அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. அன்றைய கல்கத்தாவில் வெளிவந்த ‘முஸல்மான்’ என்னும் ஏடு, இந்து சகோதரர்களின் வெற்றியைக் கேட்டு முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் மகிழ்ச்சி தாங்காமல் தரையில் உருண்டு புரண்டதாக எழுதியது. இத்தனைக்கும் வங்கப் பிரிவினையால் இரு சமூகத்தாரும் முகம் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஒரு செய்தியை, கல்கத்தாக் கால்பந்தைப் பற்றிப் பேசும் எவரும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து வருவது கறுப்பு வெள்ளைச் சட்டையின் காலம். 1891-இல் தோன்றிய முஹம்மடன் ஸ்போர்ட்டிங் நெடுநாள் கீழ்ப்பிரிவிலேயே ஆடிவந்தது. 1934-இல் முதற்பிரிவுக்கு ஏறிய அதே ஆண்டில் கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை அந்த லீக்கை வெள்ளையர் கழகங்களும் படைப்பிரிவுகளுமே வென்றிருந்தன. இந்திய அணி ஒன்று வென்றது அதுவே முதன்முறை. அத்தோடு நில்லாமல் 1938 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து வென்றது. இவ்வெற்றிக்கு உணர்ச்சியை மட்டும் காரணம் கூறுவது பிழை. கழகத்தை நடத்தியவர்கள் இரண்டு காரியங்களை அறிவோடு செய்தார்கள். மழையில் தரை சேறாகும்போது வெறுங்கால் வழுக்கும் என்று கண்டு, ஈரத்தரைக்கு இலேசான காலணி அணிந்து ஆடப் பழக்கினார்கள். வங்காளத்து ஆட்டக்காரர் போதும் என்று இராமல் பெங்களூர் முதலிய தொலைவூர்களிலிருந்தும் ஆட்களைத் தேடி அழைத்துவந்தார்கள். பெங்களூரின் தரம் எத்தகையது என்பதற்குச் சான்று வேண்டுமாயின், 1937, 1938 ஆகிய இரண்டாண்டும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது ‘பெங்களூர் முஸ்லிம்ஸ்’ என்னும் அணிதான் என்பதைக் கூறினால் போதும்.

அவ்வணியின் முஹம்மது ஸலீம் மட்டியாபுருஜ்காரர். நாடிழந்த அவத் நவாப் வாஜித் அலீ ஷா வந்து தங்கிய அதே மட்டியாபுருஜ். 1936-இல் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்று, காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்திற்காக வெறுங்காலோடு இரண்டு ஆட்டம் ஆடினார். அங்கேயே இருக்கும்படி அவர்கள் வேண்டியும், ஊர் ஏக்கம் தாளாமல் திரும்பிவிட்டார். கித்தர்பூர் முதியவர் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார். ஊர் ஏக்கத்தைப் பற்றி வெளியூரில் பிழைப்பவனிடம் சொன்னால் யார்தாம் கலங்கார்!

1940-இல் டெல்லியில் ட்யூராண்டு கோப்பை. ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்று, அக்கோப்பையை எடுத்த முதல் இந்தியக் குடிமக்கள் அணியாயிற்று முஹம்மடன். அவ்விறுதி ஆட்டத்திற்கு நடுவராக நின்றவர் ஹர்ணாம் சிங் என்னும் சீக்கிய ராணுவ அதிகாரி. அதற்குமுன் அவ்விடத்தில் இந்தியர் எவரும் நின்றதில்லை. அரபியில் ஆட்ட நடுவரை ‘ஹகம்’ என்கிறார்கள். கணவன் மனைவி பிணக்கைத் தீர்க்க இரு தரப்பிலிருந்தும் அழைக்கப்படும் மத்தியஸ்தருக்கும் அதே பெயர்தான். ஆட்டக்காரர் ஒருபுறம் முஸ்லிம்கள், மறுபுறம் ஆங்கிலேயர். ஹகம் ஒரு சீக்கியர். இருவருமே அவர் விசிலுக்கு நின்றார்கள்.

இந்த வெற்றிகள் ஏழை முஸ்லிம்களுக்கு என்னவாக இருந்தன என்பதை முதியவர் சொல்லக் கேட்க வேண்டும். தறிக்காரர், தையற்காரர், கப்பல் கலாசி, இறைச்சிக்கடைக்காரர் ஆகியோர் மாலை ஐந்து மணிக்குத் தொழிலை நிறுத்திவிட்டு நடந்தே மைதானம் வருவார்களாம். படிப்பிலும் உத்தியோகத்திலும் பின்தங்கிய ஒரு சமூகம், பதினொருவர் காலில் தன் மானத்தைக் கட்டிவைத்தது. அதில் எவ்விதத் தவறும் இருப்பதாக நான் கருதவில்லை. மானத்தை வேறெங்கும் நாட்ட இடமில்லாதவன் இருக்கிற இடத்தில்தான் நாட்டுவான்.

ஆனால் முப்பதுகளின் இறுதியிலேயே அந்தக் கூச்சலின் தன்மை மாறத் தொடங்கியதை முதியவர் மறைக்கவில்லை. முதலில் அணியின் பெயரைக் கூவினார்கள். பிறகு மதத்தின் பெயரைக் கூவினார்கள். எதிர்க் காலரியிலும் அவ்வாறே. அரசியல் மேடையில் பேசப்பட்டதெல்லாம் அடுத்த மாலை ஆட்டத்தில் எதிரொலித்தது. 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று இதே மைதானத்தின் ஆக்டர்லோனி ஸ்தூபியடியில், இன்று ஷஹீத் மினார் என்று பெயர் பெற்றிருக்கும் தூணடியில், நேரடி நடவடிக்கை நாள் கூட்டம் கூடியது. அதைத் தொடர்ந்த நாட்களில் அந்நகரத்து வீதிகளில் இரு சமூகத்தாரும் சிந்திய இரத்தத்தைப் பற்றி நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. முதியவர் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: “காலரியில் என் பக்கத்தில் நின்றவர்களில் பலரை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை.” சிலர் மாண்டார்கள், சிலர் டாக்காவுக்குப் போனார்கள். ஆட்டக்காரர்களும் புரவலர்களும் பலர் எல்லையைக் கடந்தார்கள். கழகம் மட்டும் அங்கேயே இருந்தது. 1948-இல் மறுபடியும் லீக்கை வென்றது.

பிரிவினைக்குப் பிறகு மைதானத்தின் பெரும்பகை இடம் மாறியது. மோகன் பகானுக்கு எதிரே நின்றது 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் அக்கழகத்தையே தாய்வீடாக்கிக் கொண்டார்கள். மேற்கு வங்காளத்து மண்ணின் மைந்தர் ‘கோட்டி’. கிழக்கிலிருந்து வந்தவர் ‘பாங்கால்’. முன்னவர் வென்றால் அன்றிரவு வீட்டில் இறால். பின்னவர் வென்றால் இலிஷ் மீன். மீனவனுக்கு யார் வென்றாலும் ஆதாயம்! இரு தரப்பாருமே இந்துக்கள், ஒரே மொழியினர். ஆகவே மதமும் மொழியும் இல்லாவிட்டால் பகை இராது என்று எண்ணுவோர் கல்கத்தாவுக்கு ஒருமுறை சென்று வருவது நலம்.

அகதிகளின் அந்த அணிக்கு 1949 முதல் 1951 வரை மூன்றாண்டு தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்று தந்த முன்வரிசை ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அஹ்மத் கான், ஸாலிஹ். ஐவரும் நம் தென்னாட்டவர், இருவர் முஸ்லிம்கள். பெங்களூர் அஹ்மத் கான் 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். முஸ்லிம் பெரும்பான்மைப் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு வந்த மக்கள், இரு முஸ்லிம்களைப் பாண்டவர்களாக்கித் தோளில் சுமந்தார்கள். பின்னாளில் 1980-இல் வந்த மஜீத் பிஷ்கர் என்னும் ஈரானியர் கதையும் இதுவே. 1978 உலகக் கோப்பைக்குச் சென்ற ஈரான் அணியில் இருந்தவர். அலிகருக்குப் படிக்க வந்து, ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடப் போனார். ‘பாதுஷா’ என்று பெயர் வைத்தார்கள். 2019-இல் அக்கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்கு அவர் முதுமையில் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் திரண்டவர்களில் பலர் அவர் ஆடிய காலத்தில் பிறந்தே இராதவர்கள்.

பாசம் இத்தகையதென்றால் நஞ்சும் அத்தகையதே. 1975-இல் கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று வென்றது. மோகன் பகான் அன்பர் ஒருவர் அன்றிரவு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறுபிறப்பில் அவ்வணிக்குச் சிறந்த ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார்.

இனி 1980. மாதமும் தேதியும் மறுபடி ஆகஸ்டு 16. ஈடன் கார்டன்ஸ் அரங்கில் இவ்விரு அணிகளும் மோதின. மாமா எந்தக் கட்சியும் இல்லை. மஜீத் ஆடுவதைக் காணச் சென்றார். இரு அணியின் அன்பர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்த்தப்பட்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு முரட்டு மோதல்; இரு தரப்பிலும் ஒவ்வொருவரை நடுவர் வெளியேற்றினார். காலரியில் செங்கல் பறந்தது. மேல்தட்டில் இருந்தவர்கள் இறங்க ஓடினார்கள், கீழ்த்தட்டில் இருந்தவர்கள் எதற்கென்று அறியாமலே ஓடினார்கள், படிக்கட்டோ குறுகல். மாமா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “என் கால் தரையில் படவில்லை தம்பி. நான் நடக்கவில்லை, கூட்டம்தான் என்னைக் கொண்டுபோனது. எனக்குக் கீழே ஏதோ மெத்தென்று இருந்தது. அது என்னவென்று நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன்.” பச்சையும் மெரூனும் கலந்த கொடி கட்டிய ஒரு வாலிபன் அவர் சட்டைக் காலரைப் பற்றிக் கம்பித் தடுப்பின் மேல் தூக்கிப் போட்டான். அவன் பிழைத்தானா என்பதை மாமா கடைசிவரை அறியவில்லை. கீழே ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. ஒற்றைச் செருப்போடு தர்மதலா வரை நடந்தார். அன்று மாண்டவர் பதினாறு பேர்.

இப்போதும் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கல்கத்தாவில் கால்பந்து அன்பர் நாள் என்று இரத்ததானம் செய்கிறார்கள். கட்சிகள் பார்த்து இரத்தம் கொடுப்பதில்லை.

மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் வேர்ச்சொல் தேடுவான். கண்மூடித்தனமான பற்றுக்கு அரபியில் ‘தஅஸ்ஸுப்’ என்று பெயர். அதன் மூலம் ‘அஸப’; சுற்றிக் கட்டுதல். நரம்புக்கு ‘அஸப்’, தலைக்கட்டுக்கு ‘இஸாபா’, ஒருவரோடொருவர் பிணைந்த கூட்டத்துக்கு ‘உஸ்பா’. இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் அரசுகள் எழுவதற்கே அடிப்படை என்று கூறும் ‘அஸபிய்யத்’தும் இதே வேரில் கிளைத்தது. அவர் அதை வெறும் இழிவாகக் கூறவில்லை. மனிதரைச் சேர்த்துக் கட்டும் ஆற்றலாகவே கண்டார். நம் தமிழிலும் ‘கட்சி கட்டுதல்’ என்றே கூறுகிறோம். இரு மொழியாரும் கலந்து பேசி வைத்தது போல! ஆனால் ஆட்டத்தில் ஆதரவாகக் கூவுகிறவனுக்கு அரபிப் பத்திரிகைகள் எழுதும் சொல் வேறு: ‘முஷஜ்ஜிஃ’, துணிவூட்டுகிறவன். காலரியில் நிற்கும் ஒரே ஆள் பிற்பகல் நான்கு மணிக்கு முஷஜ்ஜிஃ, ஆறு மணிக்கு முதஅஸ்ஸிப். இந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே வினா. சொல்லாராய்ச்சியில் எனக்கு விடை கிடைக்கவில்லை, படிக்கட்டில்தான் கிடைத்தது.

1997-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று இதே இரு அணிகளும் கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மோதியபோது கூடியவர்கள் 1,31,000 பேர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் இரு பயிற்சியாளர்களும் பத்திரிகைகளில் வாய்ச்சண்டை இட்டதால் நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. ஆயினும் 1980 திரும்பவில்லை. மாறாக எகிப்தில் 2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் ஸயீத் நகரில் 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியேறும் வாயிற்கதவு பூட்டிக் கிடந்ததை அரபி ஏடுகள் எழுதின. மக்களின் பகை இவ்விரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வாயிலும் படியும் காவலும்தான் வேறு. மனம் திருந்தினால் எல்லாம் சரியாகும் என்று மிம்பரில் நின்று கூறுவது எங்களுக்கு எளிது. மனம் திருந்தும்வரை கதவு திறந்திருக்க வேண்டுமல்லவா?

இதையெல்லாம் இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் ஊரின் ஒரு வழக்கு. எங்கள் ஊர் ஈத்காஹ்வை ஒட்டிய திடலில் கீழத்தெரு, மேலத்தெரு இளைஞர்கள் ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் கால்பந்துப் போட்டி நடத்துவது வழக்கம். சென்ற கோடையில் இறுதியாட்டத்தில் ஒரு பெனால்டியைக் குறித்துத் தகராறு எழுந்தது. நடுவராக நின்றவர் மேலத்தெரு மாப்பிள்ளை. கல் விழுந்தது. என்னிடம் நஹ்வு ஓதும் பதினாறு வயது மாணவன் ஒருவனுக்கு இடப்புருவத்தில் ஏழு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் மருத்துவர். அவன் ஆடவும் இல்லை, கூவவும் இல்லை. ஐஸ் வாங்கப் போனவன். அவனுடைய தாயார் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், “ஹஸ்ரத்தைக் கேளுங்கள் லாத்தா, பந்து ஹலாலா ஹராமா என்று. ஹராம் என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள் இல்லையா?” என்று அழுதாராம்.

ஜமாஅத்தார் கூடினார்கள். முத்தவல்லி உட்படப் பெரும்பாலோர் திடலில் பந்தாட்டத்தை அடியோடு தடை செய்துவிடும் எண்ணத்தில் இருந்தார்கள். வீண் பொழுதுபோக்கு, தொழுகைக்கு இடையூறு, இப்போது இரத்தமும் சிந்திவிட்டது என்பது அவர்கள் வாதம். என் கருத்தை எழுத்தில் கேட்டார்கள். என் கருத்து ஃபத்வா ஆகிவிடும், ஃபத்வா தடையாகிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அந்தத் தாயின் கண்ணீருக்கு நான் கடமைப்பட்டவன். ஆயினும் திடலை மூடும்படி என் கை எழுதவில்லை. எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் ஒருவர், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எங்களை ஆட அனுப்பிவிட்டுக் கிதாபோடு வாயிற்படியில் அமர்ந்திருப்பார்; அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அந்த ஏழாண்டுப் பாடத்தைத் தாங்கியிருப்பேனா என்பது ஐயமே. திடலை மூடினால் இளைஞர்கள் கூடுவதை நிறுத்தமாட்டார்கள். நாம் பார்க்க முடியாத இடத்தில் கூடுவார்கள். அங்கே ஹகமும் இருக்கமாட்டார், முத்தவல்லியும் இருக்கமாட்டார்.

நான் எழுதிக் கொடுத்தவை இவை. நடுவர் இரு தெருவிலும் பெண் கொடுக்காத, எடுக்காத வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். திடலுக்கு இப்போதிருக்கும் ஒரே வாயில் போதாது. கிழக்குச் சுவரை இடித்து இன்னொரு வாயில் வைக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை இரண்டும் திறந்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஷாமியானாவின் கீழ் நாற்காலி போட்டு அமர்வதை விட்டு, இளைஞர்களுக்கு நடுவே கீழே அமர வேண்டும். தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்தவன் கல் எடுக்கத் தயங்குவான். கடைசியாக, இறுதியாட்டத்துக்கு முந்திய நாள் இரு தெருப் பிள்ளைகளையும் கலந்து இரண்டு அணியாக்கி ஓர் ஆட்டம் ஆட வேண்டும்.

கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒருவர், “ஹஸ்ரத் கல்கத்தாவுக்குப் போய் எதை ஓதிவந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்ததால் இறுக்கம் தளர்ந்தது.

மாமா 2009-இல் காலமானார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக. தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. முஹம்மடன் 1981-இல் லீக்கை வென்றபோது அவர் சீட்டு வாங்கவில்லை. வேலிக்கு வெளியே மரத்தடியில் இருந்தார். அடுத்த வெற்றிக்கு நாற்பதாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று, 2021-இல் வந்தது. 2022-லும் 2023-லும் தொடர்ந்தது. 2024-இல் ஐ-லீக்கையும் வென்று மேல்நிலைப் போட்டிக்கு ஏறினார்கள். அங்கே முதல் பருவத்திலேயே கடைசி இடம். அதைக் கேட்டிருந்தால் மாமா வருந்தியிருக்கமாட்டார். சேற்றில் ஆடத் தெரிந்தவர்களுக்குக் காய்ந்த தரை பழகக் கொஞ்ச நாளாகும் என்றிருப்பார்.

எங்கள் ஜமாஅத்தார் நடுவரைப் பற்றிய யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். கிழக்குச் சுவர் சென்ற மாதம் இடிக்கப்பட்டது. இரும்புக் கதவு வேண்டாம், இடைவெளியாகவே இருக்கட்டும் என்றேன். ஆடுமாடு நுழையும் என்று கூறி, உள்ளிருந்தும் திறக்கக்கூடிய மரக்கதவு போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் கீழே அமர்வதற்கு முழங்கால் வலி தடை என்றார்கள். நாற்காலிகளைப் பிரித்துப் போடுவது என்று முடிவாயிற்று. கலந்து ஆடும் ஆட்டத்தை மட்டும் இரு தெருவாருமே ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். அவர்கள் ஒருமனதாகச் செய்த காரியம் அது ஒன்றே! ஷவ்வால் மாதக் கூட்டத்தில் அதை மறுபடியும் எடுத்துப் பேச இருக்கிறேன். புருவத்தில் தழும்புள்ள மாணவன், அப்படி ஓர் ஆட்டம் நடந்தால் தானே கோல் காப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய தாயாரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.